அவசரம் என்று எழுதிய சுவிட்ச்

பூச்சிமருந்து வாடை பட்டால் முத்துவேலுக்கு மூச்சு இறுகிவிடும். அவன் தொழிலோ மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் ரிப்பேர். உடையார்பாளையத்தில் வீட்டு முன்பக்கமே கடை. முந்திரிக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்துவிட்டு, டேங்க்கின் அடியில் மிச்சம் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் விரல் இடுக்குகளில் கொப்புளம் வந்தது, பிறகு இழுப்பு. மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சீட்டு எழுதவில்லை. "மருந்த மாத்திப் பிரயோசனமில்ல. வேலைய மாத்துங்க" என்றார்.

சொல்வது சுலபம். பேட்டரி, மோட்டார், ஒயர் இவற்றைத் தவிர முத்துவேலுக்கு வேறொன்றும் தெரியாது. பேட்டரியும் மோட்டாரும் வைத்து, மருந்து மட்டும் இல்லாத ஒரு சாமானை இந்த ஊரில் யார் வைத்திருப்பார்கள்?

மச்சான் அழகேசன் வைத்திருந்தான். அவன் முத்துவேலின் மனைவி சிவரஞ்சனிக்குப் பெரியம்மா மகன். மலேசியாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, சிறுவாச்சூருக்கு அருகே ஹைவே ஓரத்தில் இருந்த பருத்திக் காட்டைச் சுற்றி வலை கட்டினான். உள்ளே டயர்களையும் தகர டிரம்களையும் நிறுத்தி, சாயக்குண்டுச் சண்டை விளையாட்டு ஆரம்பித்தான். காற்றில் இயங்கும் துப்பாக்கி. குண்டுக்குப் பதில் சாயம் நிறைந்த உருண்டை. பட்டவன் சட்டையில் சாயம் தெறித்தால் அவன் அவுட். சனி, ஞாயிறுகளில் காலேஜ் பிள்ளைகள் பைக்கில் வந்து குவிந்தார்கள். சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்த கூட்டமும் வலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

துப்பாக்கியின் தலையில் குடுவை ஒன்று இருக்கும். அதை லோடர் என்பார்கள். உருண்டைகள் அதில்தான் இருக்கும். உள்ளே சின்ன மோட்டார் சுற்றி அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளும். மோட்டாரின் பேட்டரி போய்விட்டால் உருண்டை இறங்காது. துப்பாக்கி வெறும் காற்றைத்தான் கக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் முத்துவேல். அந்தக் காட்டில் மண் வாடை அடித்தது, டயர் வாடை அடித்தது. மருந்து வாடை இல்லை. வந்த கொஞ்ச நாளிலேயே விரல்கள் ஆறின.

"ஏங்க, நேத்தெல்லாம் நீங்க இருமவே இல்ல, கவனிச்சீங்களா?" என்று சிவரஞ்சனி ஒரு நாள் கேட்டாள். அவன் கவனிக்கவில்லை. நோய் வரும்போது தெரிகிற மாதிரி அது போவது தெரிவதில்லை.

ஆனால் பேட்டரிகள் ஆட்டத்தின் நடுவில் தீர்ந்தன. தீர்ந்தவன் கையைத் தூக்குவான், ஆட்டம் நிற்கும், கூச்சல் கிளம்பும். அழகேசன் ஒரு நாள் அவனைத் தனியே கூப்பிட்டான்.

"மாப்ள, அடுத்த மாசம் காலேஜ் டீமெல்லாம் வருது. அன்னிக்கும் பாதியில நின்னுச்சுன்னா மூட்ட கட்டிடுவேன். எடத்த லாரி ஷெட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நிக்காது மச்சான்."

"எப்புடி நிக்காது?"

"ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வெச்சுடறேன்."

வைத்தான். தினமும் சார்ஜ் ஏற்றுகிற பெரிய பேட்டரி எப்போதும் போல இருக்கும். அதன் பக்கத்தில், கடையில் வாங்குகிற சின்ன பேட்டரி ஒன்று. அது ரொம்ப நேரம் தாங்காது. பெரியது திடீரென்று போனால் அந்த ஆட்டத்தை முடிக்கப் போதும். குடுவையின் பக்கவாட்டில் ஸ்பிரேயர் சுவிட்ச் ஒன்றைப் பதித்தான். கீழே தள்ளினால் பெரியது, மேலே தள்ளினால் சின்னது, நடுவில் நின்றால் ஆஃப். அடையாளத்துக்குக் கீழே 1 என்றும் மேலே 2 என்றும் பெயின்ட்டில் எழுதினான்.

அந்தச் சனிக்கிழமையே தகராறு. ஜெயசுதா என்ற காலேஜ் பெண் துப்பாக்கியை வாங்கியதும் சுவிட்சைப் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டு ஸ்பீடா?"

"ஸ்பீடு இல்லம்மா. ஒண்ணு தீந்துபோச்சுன்னா ரெண்டு."

"ஓகேண்ணே" என்றவள் அவன் கண் எதிரிலேயே இரண்டில் தள்ளினாள். "எங்கம்மா மிக்ஸிய ஒண்ணுலயே வெச்சுக்கிட்டு அரைமணி நேரம் நிக்கும். நமக்கு அதெல்லாம் ஆவாது."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சின்ன பேட்டரிகள் எல்லாம் பாதி ஆட்டத்தில் செத்தன. செத்த பிறகாவது கீழே தள்ளினார்களா என்றால், இல்லை. ஏன் என்று ஒருவனைக் கேட்டான்.

"அண்ணே, ரெண்டுலயே ஓடல. ஒண்ணுல எங்கேந்து ஓடும்?"

அந்தக் கணக்கில் தப்பே இல்லை. தொடங்கிய இடம்தான் தப்பு.

எண்தான் வினை என்று முடிவு செய்து இரண்டையும் சுரண்டி எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பில் எழுதியிருந்த சொல் நினைவுக்கு வந்தது. கீழே ஒன்றும் எழுதாமல், மேலே மட்டும் சிவப்பு பெயின்ட்டில் எழுதினான்: அவசரம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டியது என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல்லைப் படித்தபிறகு எவன் சும்மா தொடுவான்?

போட்டி நாள் வந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து டீம் ஒன்று, ஜெயங்கொண்டத்து டீம் ஒன்று. எல்லாப் பேட்டரிகளையும் முத்துவேலே சோதித்து வைத்திருந்தான். துப்பாக்கிகளைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "அவசரம்னா மட்டும் மேல தள்ளுங்க" என்றான். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். விசில் ஊதுவதற்குச் சற்று முன் டயர்களுக்குப் பின்னாலிருந்து வரிசையாக 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எதுவென்று அவன் காதுக்குத் தெரியும்.

சண்டைக்குப் போகிறவனுக்கு அவசரம் இல்லாமல் என்ன இருக்கும்?

ஆட்டம் நடக்கும்போது வலைக்குள் யாரும் நுழையக்கூடாது. முதல் துப்பாக்கி ஊமையானபோது முத்துவேல் வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கீழ! கீழ தள்ளுங்க! கீழ!"

டிரம்முக்குப் பின்னால் நின்றவன் திடுக்கிட்டுத் தரையில் குப்புற விழுந்தான். பக்கத்தில் இருந்தவனும் விழுந்தான்.

"சுவிட்சய்யா! சுவிட்ச!"

"யோவ், யாருக்குய்யா நீ சப்போர்ட்டு?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆளு வர்றத காட்டிக் குடுக்கறாரு பாரு மாமா!"

சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருக்க, துப்பாக்கிகள் செத்துவிட்டதாகத் தூக்கிக் காட்டினார்கள். கத்திக் கத்தி முத்துவேலுக்குக் குரலே போய்விட்டது. கை எட்டாத தூரமில்லை. நடுவில் ஒரு வலை, அவ்வளவுதான்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அழகேசன் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தான். முத்துவேல் சுவிட்சைக் கீழே தள்ளினான். மோட்டார் சுற்றியது. உருண்டைகள் கடகடவென்று இறங்கின.

"ஓடுதே!"

"எல்லாமே ஓடும் மச்சான்."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

முத்துவேல் சுவிட்சை நடுவில் நிறுத்தினான். அழகேசன் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் ஒரு வாய்ப்பு கேட்டிருக்கலாம்.

அழகேசன் சொன்னபடியே விளையாட்டை மூடினான். சாமான்களை வாங்கப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நடராசன் என்பவர் வந்தார். அங்கே ரிசார்ட் வைத்திருக்கிறாராம். அவருக்கு ஓட்டிக் காட்டுவதற்காக முத்துவேல் சின்ன பேட்டரிகளைப் புதிதாகப் போட்டிருந்தான். பெரியவை பூட்டிக் கிடந்த நாளெல்லாம் சார்ஜ் இல்லாமல் இளைத்திருந்தன. நடராசன் ஒரு குடுவையைக் கையில் எடுத்து முதலில் கீழே தள்ளினார். பிறகு மேலே தள்ளினார்.

"அட! எங்க ஊர்ல யாருகிட்டயும் இந்த ரெண்டு ஸ்பீடு கெடையாது. இதுக்காகவே எடுத்துக்கறேன்."

"சார், அது ஸ்பீடு இல்லீங்க. ஒண்ணு தீந்துட்டா…"

"இருங்க, இருங்க. காதால கேளுங்க" என்று அவர் மறுபடி தள்ளினார். மோட்டாரின் முனகல் எழும்பி, கூர்மையாகிச் சீறியது. முத்துவேலுக்கும் கேட்டது. சந்தேகமே இல்லை, வேகமாகத்தான் ஓடியது. யாரும் தொடாமல் வைத்திருந்த புது பேட்டரி அப்படித்தான் ஓடும்; அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆமாங்க" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் பாத்துக்க அங்க ஆளு வேணுங்களா, சார்?" என்று கேட்டான்.

"ஆளு இருக்காங்கப்பா. இதுல என்ன, சுவிட்ச தட்டுனா ஓடுது."

குடுவைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றியது முத்துவேல்தான். வேன் போனதும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தபோது சிவரஞ்சனி போன் செய்தாள்.

"ஏங்க, முந்திரிக்காட்டு வேம்பு அண்ணன் ஸ்பிரேயர வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காரு. கடைய மறுபடி தொறக்கப் போறீங்கன்னு யாரோ சொன்னாங்களாம்."

"கழுவியிருக்காரா?"

"கழுவிட்டேன்னுதான் சொன்னாரு. வாடை உள்ள வரைக்கும் வருதுங்க."

அரியலூர் பஸ் வந்துகொண்டிருந்தது. அவன் கையைக் காட்டினான்.

"நீ தொடாத. கதவ சாத்தி வையி. ஏறிட்டேன், வந்துடறேன்."