சாட்டிலைட்டுக்குத் தெரியாத பாறசாலை வீடு

இது இப்படித்தான் முடியும் என்று நான் அப்போதே சொன்னவன். ஆகாயத்திலிருந்து படம் பிடித்து, ஊர் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளக்கப் போகிறார்கள் என்றதுமே, "எங்க ஊருகிட்ட அது நடக்காது" என்று டீக்கடையில் அறிவித்தேன். கடையே எழுந்து நின்று கேட்டது.

பயணத்துக்குக் காரணம் இரண்டு. தங்கை மகள் ஷீபா திருவனந்தபுரத்தில் வரைபடப் படிப்பு படிக்கிறாள். சாட்டிலைட் படத்துக்குக் கம்ப்யூட்டர் பூசிய நிறங்கள் சரியா என்று அவள் நேரில் பார்க்க வேண்டும். பச்சை என்றால் மரம், சிவப்பு என்றால் கட்டடம். வழிகாட்ட என்னை விட்டால் யார்? இன்னொரு காரணம், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஜினி. ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. "அப்பா, போன் மேப்புல மேலேருந்து நம்ம வீட்டத் தேடினேன், காணல்ல" என்று அழுதாள். அன்றிலிருந்து, ஷீபாவின் படத்திலாவது எங்கள் வீடு சிவப்பாக வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பாறசாலையில் ஆட்டோ ஏறினோம். மாலை வரை தொள்ளாயிரம் ரூபாய். டிரைவர் சுகு வாய் ஓயாதவன், ஆனால் ஊடுவழியெல்லாம் அத்துப்படி.

முதல் இடம் படத்தில் சிவப்பு. போய்ப் பார்த்தால் ரப்பர்த் தோட்டம். இலை உதிர்ந்து செம்மண் தெரிய நின்றதைக் கம்ப்யூட்டர் கட்டடம் என்று நினைத்துவிட்டது. நெய்யாற்றின்கரை தாண்டிக் காஞ்சிரங்குளம் பக்கம் படத்தில் ஒரே பச்சை. தென்னைகளுக்குக் கீழே புது கான்கிரீட் வீடுகள், ஒரு மொபைல் கடை. பூவாரில் வெயிலில் மின்னிய மணலும் சிவப்பு!

"அப்போ ஊரு வளந்துதா, இல்லியா?" என்றான் சுகு.

"வளந்ததெல்லாம் தெங்குக்க அடியில ஒளிஞ்சு இருக்கு அண்ணே" என்றாள் ஷீபா. இதையே நான் ஒரு பெரிய அதிகாரியிடம் சொல்லி, அவர் வெகுநேரம் என் கையை விடாமல் குலுக்கியிருக்கிறார்.

நாலு மணிக்கு எங்கள் வீட்டு முற்றம். ஷீபாவின் போனில் அந்த இடம் பச்சைப்பசேல்.

"மக்கா, இதச் செவப்பாக்கு."

"மாமா, படம் முழுக்க சின்னச் சின்னக் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு நெறந்தான். மேலேருந்து பாத்தா பிலாவும் தெங்கும்தான் உண்டு."

"உள்ள நான் இருக்கேன்லா?"

"இருக்கீங்க. நேருல பாத்ததுல வீடுன்னு எழுதியாச்சு. அது படத்துல தப்பு எவ்வளவுன்னு சொல்லதுக்கு. படம் மாறாது மாமா."

சுகு சிரித்தான். "பிலாவ முறிச்சா போரும் அண்ணாச்சி. வீடென்ன, ஒங்க வழுக்கையே தெரியும்."

நான் உண்மையாகவே வெட்டுகத்தியை எடுத்துவந்துவிட்டேன். அண்ணாந்தால், பலாவின் அடிமரத்திலிருந்து உச்சிவரை பிஞ்சுச் சக்கை; பலாப்பழத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். கத்தியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, பயந்துட்டீங்களா?"

"எலே, ஜினி வந்தா சக்க வேண்டாமாலே?"

இதுபோல் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு: ரப்பர் இலை உதிர்க்கும் காலத்தில் ஒருமுறை, தளிர்த்த பிறகு ஒருமுறை போங்கள். ஒரே படத்தை நம்பாதீர்கள். கேட்டைத் திறக்கும் முன் குரல் கொடுங்கள், நாய் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜினி வீட்டைத் தேடி அழுதாள் என்றது நான் சேர்த்தது. அவள் தேடவில்லை, கேட்கவும் இல்லை. நான்தான் போனில் அவள் இருக்கும் தெருவை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே மரம் கிடையாது. அவள் வீட்டுக் கூரை நன்றாகத் தெரிகிறது.