பதினாலாவது வரியில் நீல மை

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் யாரோ கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தவன்.

எனக்கு இதைச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே சொன்னார். வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தவன் குறுக்குக் கேள்வி கேட்பதெங்கே? அதனால் கதை முழுசாகக் கிடைத்தது. அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்கிறேன்.

டாக்டர் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பழக்கடைக்காரர் "இன்னைக்குக் காலைல வந்ததும்மா" என்றால் எடுத்து முகர்ந்து பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். இதற்காகவே அவர் கணவர் எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவாராம். இப்படிப்பட்டவர் நாற்பத்திரண்டு வயதில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்புதான் லைசென்ஸ் கையில் வந்திருந்தது.

கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் இரண்டு விஷயத்தை மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏற்றியிருந்தார். ஒன்று: "கெளம்புறதுக்கு முன்னாடி செக்லிஸ்ட் பாக்கும்போது நடுவுல யாராவது பேச்சுக் கொடுத்தா, விட்ட எடத்துல இருந்து தொடங்காதீங்க. புதுத் தாள், முதல் வரி." இரண்டு: "இன்னொருத்தர் பாத்துட்டேன்னு சொன்னா, நீங்க பாக்கலேன்னு அர்த்தம்."

அன்று டாக்டரின் தம்பி கூட வந்தான். அவன் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே, முந்தின நாள் ராத்திரி பெண் குழந்தை பிறந்துவிட்டது. காரில் போனால் ஏழு மணி நேரம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். "நான் கொண்டுபோய் விடுறேண்டா" என்று அக்கா வாய் விட்டுவிட்டார். முதல் முதலாக ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறார். அந்த ஆள் கூடப் பிறந்தவன், நேற்றுத்தான் தகப்பன் ஆனவன். இரவெல்லாம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலை 5:40. விமான மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் காவலாளி மட்டும் கேட்டைத் திறந்துவிட்டு, மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இரண்டு நாளாகப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிளப்பின் வாடகை விமானம் திறந்தவெளியில் கயிறு கட்டி நின்றது. இரண்டே சீட். இடது பக்கம் ஓட்டுகிறவருக்கு, வலது பக்கம் கூட வருகிறவருக்கு.

தம்பி கதவைத் திறந்து பார்த்தான்.

"என்னக்கா, உன் சீட் சாம்பல் கலரு, எனக்கு மட்டும் சிவப்பு? மாப்பிள்ளை மரியாதையா?"

"பழசு கிழிஞ்சிருக்கும், மாத்தியிருப்பாங்க. வாய மூடிட்டு உக்காரு."

வலது சீட்டில் ஆள் இல்லை. ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது. கடைசியாகப் போனவர்கள் அப்படி விட்டிருப்பார்கள் என்று நினைத்து டாக்டர் அதைக் கழற்றிவிட்டார்.

5:52. அட்டையில் செருகிய செக்லிஸ்ட். இருபத்திரண்டு வரி. ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட, அட்டையோடு நூலில் கட்டிய பென்சில். வேறு பேனா எதுவும் கிடையாது. பறந்து முடித்ததும் தாளைக் கிழித்து ஆபீஸ் பெட்டியில் போட வேண்டும். இது அந்தக் கிளப்பின் வழக்கம்.

இறக்கை, டயர், எஞ்சின் ஆயில் என்று வரிசையாக வந்தார். பன்னிரண்டாவது வரியில் நிற்கும்போது தம்பி தலையை நீட்டினான்.

"அக்கா, மாமியார் போன் பண்றாங்க. எப்பக் கெளம்புறோம்னு கேக்குறாங்க."

போச்சு. மணி 6:03. புதுத் தாள், முதல் வரி. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். டாக்டர் பழைய தாளை எடுத்து மடிக்கப் போனவர், நிறுத்தினார்.

பன்னிரண்டு வரி வரை பென்சில் டிக். பதின்மூன்று காலி. பதினாலில் ஒரு டிக் இருந்தது.

நீல மையில்.

பதினாலாவது வரி, வலது டேங்க். விஷயம் இதுதான்: மழை பெய்தால் மூடி வழியாகச் சில சமயம் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிவிடும். பெட்ரோலை விடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் இறக்கைக்கு அடியில் உள்ள சின்ன வால்வில் ஒரு கண்ணாடிக் குழாயை அழுத்தி, கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் உண்டு. தண்ணீருக்கு நிறம் கிடையாது. பார்க்காமல் கிளம்பினால் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும்.

"டேய், இந்தப் பேப்பர்ல கை வச்சியா?"

"நானா? ஒரு கையில போனு, ஒரு கையில பையி. எதுல எழுதுறது, மூக்குலயா?"

அவனிடம் பேனாவும் இல்லை. அவன் பைகளைக் கூட டாக்டர் திறந்து பார்த்துவிட்டார். பிறகு அவனை உள்ளேயே உட்காரச் சொன்னார். போனை அணைக்கச் சொன்னார்.

6:14. இரண்டாவது தாள். இடது டேங்க் பார்த்தாயிற்று, சுத்தமான நீலம். முன்பக்கம் சுற்றி வலது பக்கம் வந்தார்.

டிக்...

பேனாவின் பின்பக்கத்தை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம்.

வலது இறக்கை ஓரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். மெக்கானிக்குகள் போடுகிற ஊதா அங்கி. கரித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும். சிரித்த முகம்.

"வலது பக்கம் நான் பாத்துட்டேன் டாக்டர். நீங்க கெளம்புங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. இவன் எப்போது வந்தான்? வாசலில் அவர் கார் ஒன்றுதான் நின்றது. இவனை இதற்குமுன் பார்த்ததே இல்லை. தான் டாக்டர் என்று இவனுக்கு யார் சொன்னது? ஏதோ வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு மறைக்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

இறக்கையின் மேல்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மழைத் துளிகள் முத்து முத்தாக நின்றன. ஒன்று கூட உடையவில்லை. டேங்க் மூடி மேலும் அப்படியே. பார்த்தேன் என்கிறானே, எதைப் பார்த்தான்? எங்கே கை வைத்தான்?

கேட்கத் திரும்பினார்.

ஆள் இல்லை.

சுற்றிலும் வெட்டவெளி. ஒளிவதற்கு ஒரு மரம் கூடக் கிடையாது.

கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். பதினாலாவது வரி. நீல டிக். மை இன்னும் காயவில்லை...

"யாருகிட்டக்கா பேசிட்டு இருந்த?" என்றான் தம்பி உள்ளேயிருந்து.

இந்த இடத்தில் நானாக இருந்தால் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவருக்கோ பயத்தை மிஞ்சிக்கொண்டு கோபம் வந்ததாம். என் தாளில் நீ யார் டிக் போட? மூன்றாவது தாளை எடுத்தார். அட்டையைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

6:26. முதல் வரி.

நேராகப் பதினாலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வரிசை மாறினால் எதையாவது விட்டுவிடுவோம் என்ற பயம் இந்தப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது என்றார்.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு...

பதின்மூன்று. அட்டையைத் திருப்பி டிக் போட்டார். பதினாலு காலியாக இருந்தது. மறுபடி நெஞ்சோடு அணைத்தார்.

வலது இறக்கைக்கு அடியில் குனிந்தார். கையில் கண்ணாடிக் குழாய்.

டிக்...

காதுக்குப் பின்னால்.

"அதான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

திரும்பவில்லை. பெட்ரோல் வாசனை. கழுத்தில் ஈரமான காற்று.

டிக்... டிக்...

"கொழந்தையப் பாக்கணும்ல... நேரமாகுது..."

குழாய் வால்வில் பொருந்தவில்லை. ஒரு தடவை வழுக்கியது. இன்னொரு தடவையும்.

டிக். டிக். டிக். டிக்.

அழுத்தினார்.

குழாய் நிறைந்தது.

நீலம் இல்லை.

கொட்டினார். மறுபடி பிடித்தார்.

நீலம் இல்லை.

ஏழு குழாய் பிடித்தார். ஏழும் தண்ணீர்.

சத்தம் நின்றது.

"அக்கா!"

தம்பியின் குரல். அலறல்.

"அக்கா, பெல்ட் கழல மாட்டேங்குது!"

ஓடினார். பெல்ட் அவன் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கை வைத்ததும் சாதாரணமாகத் திறந்துகொண்டது.

"எதுக்குடா போட்ட?"

"நான் போடவே இல்லக்கா..."

மணி 6:41.

இரண்டு பேரும் காரில் ஏறினார்கள். தம்பி ஓட்டினான். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியபோதுதான் டாக்டர் நெஞ்சோடு வைத்திருந்த அட்டையைத் திருப்பினார். பதினாலாவது வரியில் நீல டிக் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தம்பி மகளைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டான். டாக்டர் ஓரமாக நின்று அழுதார். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் பயிற்சியாளரைப் பார்க்கப் போனார். மூன்று தாளையும் மேஜையில் போட்டார். அந்த மனிதர் நீல டிக்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஊதா அங்கியா? கரித் துணி வச்சிருந்தாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மெதுவாகச் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்பு அங்கே ஒரு மெக்கானிக் இருந்தாராம். தங்கமான ஆள். விமானிகள் தாமதமாக வந்தால் பாவம் பார்த்துத் தன் பேனாவால் நாலைந்து டிக் போட்டுக் கொடுப்பார். "நான் பாத்துட்டேன், நீங்க கெளம்புங்க" என்பார். பெரும்பாலும் பார்த்தும் இருப்பார். ஒரு நாள் அவருக்கே அவசரம். வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்தப் பக்கம் போகிற விமானம் ஒன்றில் தானும் ஏறிக்கொண்டார். இரண்டு நாள் மழைக்குப் பிறகு, ஒரு காலை நேரம். வலது டேங்க்கைப் பார்க்காமலே டிக் போட்டார். விமானி அதை நம்பினார். முந்நூறு அடி உயரத்தில் எஞ்சின் நின்றது. இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

"அவரு எந்த சீட்ல இருந்தாரு?" என்று கேட்டார் டாக்டர்.

பயிற்சியாளர் மூன்று தாளையும் அடுக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்த விமானத்துல சேதமாகாமக் கெடைச்சது அவரு உக்காந்திருந்த செவப்பு சீட் ஒண்ணுதான். குடோன்ல கெடந்துச்சு. உங்க விமானத்தோட வலது சீட் கிழிஞ்சப்போ, நல்லாத்தானே இருக்குன்னு எடுத்து மாட்டிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

அந்த ஆள் உதவி செய்யத்தான் வந்தாரா, இல்லை, தன் சீட்டில் இன்னொருவன் உட்கார்ந்தது பிடிக்காமல் வந்தாரா? டாக்டருக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று அவர் சந்தேகப்படுகிறார். அவர் சுபாவம் அப்படி.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் என் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே மீதியைச் சொன்னார்.

அன்றே பயிற்சியாளர் ஆபீஸ் பெட்டியைத் திறந்தாராம். அந்தச் சிவப்பு சீட் மாட்டிய பிறகு அந்த விமானம் பதினொரு தடவை பறந்திருந்தது. பதினொரு தாள். பதினொரு பேரும் வெவ்வேறு ஆட்கள். எல்லாத் தாளிலும் இருபத்தொரு பென்சில் டிக். பதினாலாவது வரியில் மட்டும் நீலம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். வலது டேங்க்கைத் தன் கையால் பார்த்ததாக எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

அதில் ஏழாவது தாளை டாக்டர் இழுப்பறையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு லைசென்ஸோடு முதல் முதலாகத் தனியாகப் பறந்த ஒருவருடையது. பெயருக்குக் கீழே தொழில் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

பல் டாக்டர்.