ஜெர்மனியிலிருந்து வந்த வட்டத் தட்டு

கெடாரைச் சேர்ந்த பூமாலை, விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயா. எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, மலஜலம் பிடிக்கும் பெட் பேன் எடுப்பது எல்லாம் அவள் வேலை. புருஷன் செத்த மறு மாதமே வேலைக்கு வந்தவள், ஊசி போட்டுவிட்டுப் போகும் நர்சுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள்: தன் மகள் கலையரசி மட்டும் பெட் பேனைத் தொடக்கூடாது. படிக்கவைத்தாள். கலையரசி நர்சாகி, ஜெர்மன் மொழியும் கற்று, போன வருஷம் பான் என்ற ஊருக்குப் போய்விட்டாள்.

மே மாதம், அங்கே மகளோடு வேலை பார்க்கும் சித்ரா லீவில் சொந்த ஊரான திண்டிவனம் வந்தபோது ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தாள். சாக்லேட், தைலம், கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு. மேல்பக்கம் பளபளவென்று ஒரு தெருவின் படம். தெருவின் இரண்டு ஓரமும் மரங்கள், ஓர் இலைகூட இல்லாமல் ரோஸ் கலரில் பூத்துக் கிடந்தன. அடிப்பக்கம் தக்கை. அதில் யாரோ பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். கலையரசியின் கையெழுத்து இல்லை.

பூமாலைக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டலாம் என்றால் துளை இல்லை. தண்ணீர்ச் சொம்பை மூடிப் பார்த்தாள், வழுக்கி விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் வேணுவிடம் காட்டினாள்.

"இதும் மேல டீ கிளாஸ் வைக்கணும்க்கா. மேஜையில கறை படாம இருக்க."

"எங்க ஊட்ல மேஜையே கெடையாதே. இம்மாம் பூவு மேல யாராவது சூடா டீயை வைப்பாங்களா?"

போனில் கேட்டால் கலையரசி, "சும்மா ஒரு ஞாபகத்துக்கும்மா. டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். யார் எழுதியது என்று கேட்கக்கூட விடவில்லை. ஆம்பிளை யாராவது கொடுத்திருப்பானோ? அப்படியானால் அதை ஏன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். சித்ரா தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"மேல, 'பான் நகரத்தில் வசந்தம்'னு போட்டிருக்கும்மா. அங்க குளிரு முடிஞ்சதும் மொதல்ல பூவு, அப்புறந்தான் எலை. அடியில ஒரு வயசான பேஷண்டம்மா எழுதியிருக்காங்க. 'என்னைக் குளிப்பாட்டிய கைகளுக்கு'ன்னு."

"யாரு குளிப்பாட்னது?"

"கலைதான்."

"அவ நர்சாச்சே! அங்க ஆயாங்க இல்லியா?"

"அங்க குளிப்பாட்றது, பெட் பேன் வைக்கிறது எல்லாமே நர்சு வேலைதாம்மா. நானும் அதான் பண்ணிக்கினு இருக்கேன்." சித்ரா தயங்கினாள். "உங்ககிட்ட சொல்ல அவளுக்கு பயம்."

பூமாலை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். அழுகை வரும்போல் இருந்தது, வரவில்லை. எதைத் தொடக்கூடாது என்று படிக்கவைத்தாளோ, அதைத்தான் மகள் அத்தனை தூரம் போய்த் தொட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் இத்தனை வருஷத்தில் தன் கைக்கு ஒருத்தர்கூட ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லையே. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? விழுப்புரம் பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

போனை எடுத்தாள்.

"கலை, சித்ரா சொல்லிட்டா."

என்ன கேட்பதென்று தெரியாமல் பூமாலை வாயில் வந்ததைக் கேட்டாள். "குளிப்பாட்னதும் முதுகை ஈரம் போக ஒத்தி எடுக்கிறியா? தேய்க்காதடி, புண்ணாயிடும்."

"ஒத்தித்தாம்மா எடுக்கிறேன்." கலையரசி விடாமல் கேட்டாள். "பெரிய உடம்பா இருந்தா ஒருக்களிக்க வைக்க முடியலம்மா. இடுப்பு போயிடுது. நீ எப்படிப் பண்ற?"

"மொதல்ல அவங்க முட்டியை மடக்கி வையி. அப்புறம் உன் பக்கமா இழு, தள்ளாத."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, பூமாலை இரண்டு கையாலும் காற்றில் இழுத்துக் காட்டினாள்.