பரண் வீட்டில் என் பங்கு

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வரிசை ஓட்டு வீடு. ஏரிக்கரையில் எந்தப் புயலுக்கும் அசையாத இரண்டு பள்ளிக்கூட அறை. பழவேற்காட்டில் பாய் வீட்டுக்குப் பின்கட்டு, கூரைத் தண்ணீர் நேராக வந்து இறங்கும் தொட்டியோடு. எளாவூர்ப் பக்கம் ஒரு விவசாயிக்கு நெல் கொட்டிவைக்கும் அறை. அதில் இன்றைக்கு வரைக்கும் ஈரம் ஏறியதில்லை. இதெல்லாம் நான் கட்டியது. சிமெண்டுக்குப் பெர்மிட் எழுதிப் போட்டு மாசக்கணக்கில் காத்துக் கிடந்த காலம். குப்பத்துக்குப் பாலம் கிடையாது, செங்கல்லைப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோகணும். ஒரு தடவை காற்று மாறி படகு கவிழ்ந்து கல் மொத்தமும் ஏரிக்குள் போனது. மறுநாள் நானே முங்கி முங்கி எடுத்தேன். மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். வேறு எவன் செய்திருப்பான், சொல்லட்டும்.

என் நைனா வலைக்காரர். எனக்குக் கடல் ஒத்துக்கவில்லை, படகு ஆடினால் வாந்தி. குப்பமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று மீஞ்சூருக்குப் போய்ச் சாந்துச் சட்டி தூக்கினேன், கரண்டி பிடித்தேன், மீசை கறுக்கும் முன்னே மேஸ்திரி ஆனேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு புயல் குப்பத்துக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம் மெட்ராஸிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கட்டடம் வரையப் படித்தவர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, பனை வாரை, சவுக்குக் கழி, இந்தப் பக்கம் கிடைக்கிறதை வைத்தே வீடு கட்டணும், வெயிலில் வேகாத வீடாக இருக்கணும் என்றார். இந்த ஊரில் அதைக் கட்டத் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்து என் வீட்டுக்கே வந்தார். பாய் வீட்டு மாடியில் இரண்டு அறை பிடித்தோம். அவர் அதை ஸ்டுடியோ என்று சொல்லப்போய், முதல் வாரமே ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுக்க வந்து நின்றது.

அவர் வரைவார், நான் கட்டுவேன், எப்படிக் கட்டுவது என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். அதுதான் பேச்சு. அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் தம்பி. சாப்பாடு என் வீட்டில். அவருக்கு முள் பார்க்கத் தெரியாது என்று என் வீட்டுக்காரி மீனைப் பிட்டு முள் எடுத்துத் தட்டில் வைப்பாள்.

குப்பத்தில் முதல் வீட்டை அழகாகத்தான் கட்டினோம். குடி வந்த குடும்பம் ஒரே வாரத்தில் வாசலில் பாய் விரித்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் வலை. எங்கள் ஆட்களுக்குப் பருவத்துக்கு ஒரு வலை. இறா வலை தண்ணீரில் இருக்கும்போது மற்றதெல்லாம் வீட்டில்தான் இருக்கும். குடிசையில் என்றால் கூரைக் கழியில் சொருகிவிடுவார்கள். நாங்கள் கட்டிய வீட்டில் ஆளுக்கு இடம் வைத்தோம், வலைக்கு வைக்கவில்லை. வலைக்காரன் பிள்ளையாகப் பிறந்த எனக்கும் அது தோன்றவில்லை. தம்பி முகம் தொங்கிப்போய், இதையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றார்.

யோசனை எனக்குத்தான் வந்தது. ஓட்டுக்குக் கீழே, வீட்டு நீளத்துக்கு, சவுக்குக் கழியில் ஒரு பரண். அதைச் சுவரில் பதிக்கவில்லை. ஓட்டைத் தாங்கும் பனை வாரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். கயிற்றின் நடுவில் டால்டா டப்பா மூடியைக் கோத்தேன், எலி இறங்க முடியாது. இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் ஓட்டை விட்டேன், காற்று வலைக்குள் புகுந்து போகும். மணலில் குச்சியால் கிழித்துக் காட்டினேன். தம்பி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே என்று கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டார். மேலே வலை அடைந்து கிடப்பதால் ஓட்டுச் சூடு கீழே இறங்கவில்லை என்பதைக் கருவி வைத்து அளந்து சொன்னது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளக்கிறதுக்கு முதலில் ஒரு பரண் வேணுமே. அதற்கப்புறம் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பரண் உண்டு. குப்பத்தில் அதற்குப் பரண் வீடு என்றே பேர் விழுந்தது.

எண்பதுகளில் மெட்ராஸில் அந்த வீடுகளைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். தம்பி கூப்பிட்டார். சலவை வேட்டி கட்டி, வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு போனேன். இருட்டு அறையில் திரையில் படம் ஓடியது. பரண் வந்தது. தம்பி அதைக் காட்டி இங்கிலீஷில் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே சுவரில் அதன் வரைபடம், கீழே அவர் பேர். பக்கத்துப் படத்தில் சுவர் நேர் பார்க்கிற தூக்குக் குண்டைப் பிடித்துக்கொண்டு நான். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "உள்ளூர்க் கொத்தனார்னு போட்டிருக்கு சார்" என்றது அந்தப் பெண். என் வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தம்பியைத் தனியே அழைத்தேன். "பரண் யாரு யோசனை?"

"நம்ம யோசனைதாண்ணே."

"அப்ப ஏன் உம் பேரு மட்டும் இருக்குது?"

"வரைஞ்சவன் பேரைத்தாண்ணே போடுவாங்க. எங்க தொழில்ல அதான் வழக்கம்."

எங்கள் குப்பத்து வழக்கத்தைச் சொன்னேன். மீன் கரைக்கு வந்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஆள் பங்கு. காய்ச்சலில் படுத்துக் கிடப்பவன் வலை தண்ணீரில் இருந்தால்கூட அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும்.

"இது மீன் இல்லியேண்ணே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது இன்னும் எரிகிறது.

அதையாவது தாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து, வீடுகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுத இரண்டு பேர் குப்பத்துக்கு வந்தார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். இந்தப் பரண் யார் யோசனை என்று கேட்டார்கள். பதில் சொன்னவர் எங்கள் ஊர்த் தலைவர், என் நைனாவுடன் ஒரே படகில் போனவர். எல்லாம் மெட்ராஸ் ஐயா செய்து கொடுத்தது என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும், என் சொந்தப் பெரியப்பா பிள்ளை உள்பட, ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் குச்சியால் கிழித்த மணல் அவர்கள் வாசல் மணல்.

அவர்கள் போனதும் தலைவரைப் பிடித்துக் கேட்டேன். "இன்னா மாமா இப்டி சொல்லிட்டே?"

"அவரு பேரைச் சொன்னா துட்டு வரும், அடுத்த வரிசை வீடு வரும்டா. உம் பேரைச் சொன்னா இன்னா வரும்?"

அடுத்த வரிசை வந்தது. கட்ட நான் போகவில்லை. பொன்னேரியிலிருந்து வேறு மேஸ்திரி வந்து கட்டினான். அதிலும் பரண் வைத்தான், டப்பா மூடி உள்பட. தம்பி மாடி அறையைக் காலி செய்துகொண்டு மெட்ராஸுக்கே போய்விட்டார். போகும்போது என் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார் என்று வீட்டுக்காரி சொன்னாள். நான் உள்ளேயே இருந்தேன்.

இப்போது அவர் பெரிய ஆள். அந்த வீடுகளை வைத்துப் புத்தகம் போடப்போகிறாராம், பாய் வீட்டுப் பேரன் சொன்னான். சுண்ணாம்புக் கலவையில் அவர் பேர் இருக்கட்டும், அஸ்திவாரத்தில் இருக்கட்டும், சூட்டை அளந்ததில் இருக்கட்டும். அதெல்லாம் அவர் பங்கு, நான் கை வைக்க மாட்டேன். பரண் வரும் பக்கத்தில் மட்டும், இதை யோசித்தவன் லைட்ஹவுஸ் குப்பத்து மேஸ்திரி என்று என் பேரை எழுதணும். அவர் பேர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் எழுதணும். தலைவர் மாமா உயிரோடு இருக்கும்போதே அது வரணும். வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்து யாரையாவது விட்டு அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்வேன்.