சோற்றுக்கு முந்திய ஒயின்

நியூ ஜெர்சியில் மது விற்க உரிமம் உள்ள உணவகங்கள் குறைவு. பல இடங்களில் வாடிக்கையாளர்களே பாட்டிலைக் கையோடு கொண்டு போவார்கள். உணவகம் திறந்து கொடுக்கும், அவ்வளவுதான். உரிமம் வைத்திருப்பவர் அதற்குப் பெரும் விலை கொடுத்திருப்பார். அங்கே சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேஜைமேல் வெறும் தண்ணீர் இருந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில், வெஸ்ட் வின்ட்சரில் ஒரு குளிர்காலத்தில்தான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது.

அப்போது நான் கணவரின் விசாவில் வந்து இறங்கிய புதிது. சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேஜையில் இருந்தவளுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. பகலெல்லாம் நூலகம், அது அலுத்தால் இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீடு. உறவு எதுவும் இல்லை. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர், நான் கோயம்புத்தூர்க்காரி. கடையில் கறிவேப்பிலை இல்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் திட்டியதில் ஏற்பட்ட பழக்கம்.

ஒரு டிசம்பர் மாலை நான் போனபோது அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம சர்ச்சுல இத்தாலிக்காரர் ஒருத்தர் இருக்காருல்லா, ரெஸ்டாரண்ட் வச்சிருக்காரே. அவர்ட்ட கேட்டுட்டேன்."

"என்னத்தக் கேட்டீங்க?"

"திங்கக்கிழம மூடித்தான கெடக்கு, அன்னைக்கு ஒரு நா எனக்கு அடுப்பக் குடும்னு."

அந்த முதலாளி சிசிலியில் பிறந்தவர், சிறுவயதில் இங்கே வந்தவர். சர்ச் விழாவில் அக்கா பொரித்த மீனைத் தின்றுவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றவர். அந்தத் தைரியத்தில்தான் அக்கா கேட்டிருக்கிறார்.

"சரின்னாரா?"

"ஜனவரியில ஒரு திங்கக்கிழம சமைச்சுக் காட்டு, ஆளுங்களக் கூப்பிடுன்னாரு. ஆனா அவரு ஒயின் ஓடணும். சாப்பாடு மட்டும் ஓடி ஒயின் ஓடலன்னா, மீனுக்குத் தேங்க்ஸ், போயிட்டு வான்னுட்டாரு."

ஊரில் அக்கா வங்கியில் வேலை பார்த்தவர். இங்கே பிள்ளைகளை வளர்த்தார். இருவரும் அந்த வருடத்தோடு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். "காலைல எந்திரிச்சா போறதுக்கு எனக்குன்னு ஒரு எடம் வேணும்ட்டி. சர்ச்சும் கடையும் ஒரு எடமா?" என்றார். அந்தத் திங்கட்கிழமை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவர் கோட்டைக் கழற்ற மறந்ததே சொன்னது.

முதலாளி பரிசோதனைக்கு நான்கு பாட்டில்கள் கொடுத்திருந்தார். அவரிடம் இருந்ததெல்லாம் மத்தியதரைக் கடலைச் சுற்றிய சரக்குதான். சிசிலியின் வெள்ளை ஒயின் ஒன்று. தென் பிரான்சின் சிவப்பு ஒன்று, கிட்டத்தட்டக் கறுப்பு. ஸ்பெயினின் கர்னாச்சா என்ற திராட்சையில் செய்த வெளிறிய சிவப்பு. கடைசியாகக் கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து தேன் நிறத்தில் மஸ்கட் என்ற ஒயின். குளிர்காலத்தில் ஜனங்கள் சிவப்பைத்தான் கேட்பார்கள், அதை மனதில் வைத்துச் சமை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பிரெஞ்சுப் பாட்டிலை முதலில் திறந்தோம். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுத் தொட்டியில் துப்பினார்.

"ஏட்டி, இது கெட்டுப்போச்சு. திருப்பிக் குடுத்திருவோமா?"

"இது இப்படித்தான் இருக்குமாங்க்கா. புக்குல போட்டிருக்குது."

"எங்க வீட்டுல கிறிஸ்துமசுக்கு ஒயின் போடுவோம். திராட்சை, சீனி, ஒரு கை கோதுமை, கிராம்பு. ஒயின்னா இனிக்கணும். சின்ன கிளாஸ்ல கேக்கோட குடிக்கணும். இதக் குடிக்கிறதுக்குக் கொட்டப்பாக்கக் கடிக்கலாம்."

அவர் சொன்னது சரியான விவரணை. நூலகப் புத்தகம் திராட்சைத் தோல், விதை, ரசாயனம் என்று ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருந்ததற்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: துவர்ப்பு. ஆனால் துவர்ப்பும் மிளகாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வாயால்தான் கற்றோம். வழக்கமான காரத்தில் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்றுவிட்டு அந்தக் கறுப்பு ஒயினைக் குடித்தபோது நாக்கு எரிந்தது, ஒயின் கசந்தது, இரண்டில் எது குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டிலை மூடி ஓரமாக வைத்தோம்.

அக்கா வீட்டுக்காரர் மருந்து கம்பெனியில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்ததும் மேஜையைப் பார்த்தார்.

"பூசையில ஃபாதர் குடிக்கிறதும் இதுதான?"

"ஆமா."

"அப்ப வித்தியாசம் ஒண்ணும் இல்ல. அவருக்குப் பக்கத்துல மீன் வறுவல் கெடையாது, பாவம்."

சொல்லிவிட்டு மீனோடு உட்கார்ந்தார். சிசிலி வெள்ளை அவர் கையில்தான் தேர்ச்சி பெற்றது. எலுமிச்சை பிழிந்த வஞ்சிரத் துண்டுக்கு அது இன்னொரு எலுமிச்சையாக வேலை செய்தது. சிவப்பு எதைக் குடித்தாலும் மீன் வாயில் இரும்பாக ருசித்தது.

ஒரு வாரம் அக்கா குழம்பை மாற்றி மாற்றி வைத்தார். மிளகாயைக் குறைத்து மிளகையும் சோம்பையும் கூட்டினார், தேங்காய்ப்பால் சேர்த்தார். கர்னாச்சா அதற்கு இசைந்து வந்தது. துவர்ப்பு குறைவு, பழவாசம் அதிகம். கொல்லைப்புறப் படியில் பனிக்குள் கால்மணி நேரம் பாட்டிலைப் புதைத்து எடுத்தால் இன்னும் நன்றாக இருந்தது. வீட்டுச் சூட்டில் அது சாராய நெடி அடித்தது. மஸ்கட், அக்கா எதிர்பார்த்தபடியே, இனித்தது. அதைக் கடைசியில் ரவை கேக்கோடு வைத்தோம். புளிக்குழம்புக்கு மட்டும் எந்த நாட்டு ஒயினும் சரிப்படவில்லை.

"அதுக்கு மோர்தான்" என்று அக்கா அதைப் பட்டியலிலிருந்து அடித்தார்.

முறை முடிவானது. மீன் வறுவலோடு வெள்ளை; சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வரும்போது குளிர வைத்த சிவப்பு; பிறகு கேக்கும் மஸ்கட்டும். முதலாளி தலையாட்டினார். எங்கள் மூவருக்குமே அதில் குறை எதுவும் தென்படவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பனி பெய்து, மதியம் நின்றது. அந்தி சாயும்போதே ஆட்கள் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி. இரண்டு மேஜைகளில் முதலாளியின் வழக்கமான வாடிக்கையாளர்கள். மற்றதெல்லாம் நம்மவர்கள்: பல நிற ஜமக்காளம் போல எல்லா மாவட்டத்துப் பேச்சும் கலந்த கூட்டம். அக்கா அடுப்பில். நான் தட்டு தூக்கினேன். முதலாளி ஒயின் ஊற்றினார்.

மீன் பறந்தது. வெள்ளை ஒயினும் கூடவே பறந்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பிறகு சிவப்புப் பாட்டில்களை வரிசையாகத் திறந்து வைத்துவிட்டு, சோறு போகலாம் என்று சைகை செய்தார்.

ஓரத்து மேஜைக்கு முதலில் கொண்டுபோனேன். அங்கே ஆறு பேர், எல்லாரும் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரே கம்பெனிக்காரர்கள். சோற்றுத் தட்டை வைத்ததும் ஆறு பேரும் கிளாசைத் தள்ளி நடுவில் வைத்தார்கள். சட்டைக் கையை மடித்தார்கள். முதலாளி சிவப்பை ஊற்றக் குனிந்தபோது ஒருவர் கிளாசின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"நோ, நோ, தேங்க் யூ. சாப்பிட ஆரம்பிச்சாச்சு."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்ன பிறகும் அவருக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. சாப்பிட ஆரம்பித்தால்தானே ஒயின்? பக்கத்தில் அவருடைய வழக்கமான வாடிக்கையாளர்கள் ஒரு துண்டு மீன், ஒரு மிடறு என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஆறு பேரும் தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த மேஜையில் தட்டு இன்னும் போகவில்லை. அங்கிருந்த ஒரு அங்கிள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சோத்துக்கு என்ன அவசரம்? தொட்டுக்கிட ஏதாவது இருக்கா? மீன் தீந்துபோச்சா?"

நான் சமையலறைக்கு ஓடினேன். கதவின் கண்ணாடி வழியாக அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சுட்டி. ஒருத்தனும் குடிக்கல."

"குடிக்கிறாங்க அக்கா. சோத்துக்கு முன்னாடி குடிக்கிறாங்க. சோத்தக் கண்டா நிறுத்தீர்றாங்க. நம்ம வீட்டுல யாருங்க சோறு தின்னுட்டே குடிச்சிருக்காங்க?"

அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். ஒரு வாரம் நாங்கள் குடித்துப் பார்த்தபோதும் யாரும் சோறு வைத்துக்கொள்ளவில்லை. ஸ்பூனால் குழம்பையும் கறியையும் தொட்டுத்தான் பார்த்தோம். அவர் வீட்டுக்காரர்கூட மீனை முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சோற்றுக்கு உட்கார்ந்தார். கண்முன் நடந்தது எதுவும் எங்களுக்குச் செய்தியாகப் படவில்லை.

"மிச்ச மேஜைக்குச் சோறு போகாது" என்றார் அக்கா. "அந்தப் பெரிய சட்டிய எடு."

குழம்பிலிருந்து கறியைக் கரண்டி கரண்டியாக வாரி, இரும்புச் சட்டியில் போட்டார். கறிவேப்பிலை, இடித்த மிளகு, கொஞ்சம் நெய். அடுப்பைக் கூட்டினார். தேங்காய்ப்பால் சுண்டிக் கறியில் ஒட்டிச் சிவந்தது. நான் சின்னத் தட்டுகளைத் தேடி எடுத்தேன். எஸ்பிரெஸோ சாசர்கள்கூட அகப்பட்டன. முதலாளி உள்ளே வந்து, சோறு எங்கே என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"சோறு கடைசியில. இத முதல்ல கொண்டு போங்க, உங்க சிவப்போட" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் ஒரு துண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் தட்டுகளோடு வெளியே போனார்.

மிளகு வறுவல் மேஜைக்கு வந்ததும் நடுவில் தள்ளிய கிளாசுகள் தானாகவே ஆட்களின் பக்கம் திரும்பின. அங்கிள் முதல் மிடறைக் குடித்துவிட்டுப் பாட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

"ஸ்பெயின்" என்றேன்.

"கறியா, ஒயினா?" என்றார் அவர் மனைவி. மேஜை சிரித்தது. அந்த அம்மாளும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார். வீட்டில் சொல்லாதீர்கள் என்று கணவரிடமே சொன்னார். சோற்றில் கை வைத்துவிட்ட ஓரத்து மேஜைதான் பாவம். ஆறு பேரும் கையைக் கழுவிவிட்டு வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் முதலில் சோறு போட்டீர்கள் என்று நியாயம் கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சுற்று போனது. அதற்குள் சிவப்பு தீர்ந்து, முதலாளி நிலவறைக்கு இறங்கிப் போய் வேறு ஒரு சிசிலிச் சிவப்பைக் கொண்டுவந்தார். கொஞ்சம் துவர்த்தது, ஆனால் மிளகை அது தாங்கியது.

எல்லாரும் போதும் என்ற பிறகு சோறு போனது: கறியில்லாத குழம்பு, ரசம், தயிர். யாரும் கறி எங்கே என்று கேட்கவில்லை. மஸ்கட்டைச் சீண்ட ஆளில்லை. சோற்றுக்குப் பிறகு குடி கிடையாது என்ற சட்டத்துக்குத் தித்திப்பும் விலக்கல்ல. கேக்கை மட்டும் பிள்ளைகள் தின்றார்கள்.

கூட்டம் கலைந்தபின் அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசியத்துக்கு மேலேயே துடைத்தார். முதலாளி காலிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினார். அவர் அப்பாவின் ஊரிலும் வேலை முடிந்தவர்கள் நின்றபடி ஏதாவது கொறித்துக்கொண்டே குடிப்பார்களாம். மேஜை விரிப்பெல்லாம் அமெரிக்காவுக்கு வந்தபிறகு படித்ததாம். இதை என்னிடம்தான் சொன்னார். அக்கா கேட்காததுபோலத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பெட்டியை மூடிவிட்டு அவர் சுவரில் இருந்த ஃபோனை எடுத்தார். எண்ணை அழுத்தும்முன் அக்காவைப் பார்த்தார்.

"கசாப்புக்காரருக்குச் செய்தி விடப் போகிறேன். அடுத்த திங்களுக்கு ஆடு எப்படி வேண்டும்?"

அக்கா துணியைப் பிழிந்து உதறி, கம்பியில் நேராகத் தொங்கவிட்டார்.

"எலும்போட" என்றார். "சின்னச் சின்னத் துண்டா."