தண்ணீர் வரும் நேரம் தெரியாத நிருபர்

என் செய்தியை ஒருவர் தினமும் காப்பியடிக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறுபதுகளின் தொடக்கம் அது. மாட்டுங்காவில் ஒரு சின்னத் தமிழ் நாளிதழில் நான் நிருபர். தாராவியும் செம்பூரும் என் ஏரியா. எங்கள் பேப்பர் காலையில் வரும். எதிர்ச்சாரியில் இருந்த போட்டிப் பத்திரிகை மாலையில் வரும். காலையில் நான் எழுதியது, நாலு வார்த்தை மாறி, மாலையில் அதில் இருக்கும். வேலை முடிந்து டீக்கடைக்கு வரும் தாராவிக்காரர்கள் படிப்பதும் அந்தப் பேப்பரைத்தான். வெயிலில் அலைகிறவன் நான், பேர் வாங்குகிறவர் அங்கே இருந்த சபேசன்!

அவர் அதை மறைக்கவும் மாட்டார். காப்பி ஹோட்டலில் பார்த்தால் அவரே கூப்பிடுவார்.

"என்ன ஓய் ஞானமுத்து, நேத்திக்கு தாராவி மேட்டர் பிரமாதம்! எங்க எடிட்டரே மெச்சிண்டார்."

"நீர் ஒரு நாளாவது அந்தப் பக்கம் வந்திருக்கீரா?"

"அதான் நீர் போறீரே, ரெண்டு பேர் எதுக்கு?"

கொதித்துக் கொதித்து அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பேப்பரைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எண் போடும் செய்தி கிடைத்தது. தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில், முனிசிபல் ஆபீசர் வீட்டுக்கு வீடு பெயின்ட்டால் எண் எழுதப்போகிறார். எண் இருந்தால், என்றைக்காவது குடிசையை இடித்தாலும் மாற்று இடம் உண்டு. பூட்டிய வீட்டுக்கு எண் கிடையாது. எப்போது வருவீர்கள் என்று ஆபீசரைக் கேட்டேன். "பானி ஆனே கே பாத்," என்றார். தண்ணீர் வந்த பிறகு. அந்தச் சந்துக்கே ஒரு குழாய். பிற்பகல் மூன்று மணிக்கு அது திறக்கும்போது, கிடங்கு வேலைக்குப் போன பெண்களும் திரும்பிவிடுவார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் நிச்சயம் இருக்கும். அங்கே எல்லா வேலைக்கும் அதுதான் கடிகாரம். 'நாளை தண்ணீர் வந்ததும் எண் போடுவார்கள்' என்று அவர்கள் பேச்சிலேயே எழுதினேன்.

செய்தி வந்த மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சந்துக்குப் போனால், மரியபுஷ்பம் அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் தோல் உலர்த்துகிறவர், எனக்குப் பல செய்திகள் சொன்னவர்.

"என்னக்கா, இப்பப் போறீங்க?"

"காலைல ஆறு மணிக்கு ஆபீசர் வருவாருன்னு பேப்பர்ல போட்டிருக்குன்னு டீக்கடைல வாசிச்சாவ. காத்துக் கெடந்ததுதான் மிச்சம், ஒருத்தரயும் காணல. அரைநாள் வேல போச்சு. இனிப் போனா பொழுதடஞ்சுதான் வருவோம். தண்ணிய பக்கத்துச் சந்துக்காரி பிடிச்சு வைப்பா."

டீக்கடைக்கு ஓடி அந்தப் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். 'நாளை காலை ஆறு மணிக்கு'! எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாட்டுங்காவில் தண்ணீர் விடியற்காலையில் வரும். மனுஷர் உட்கார்ந்த இடத்திலேயே என் செய்தியைத் திருத்தியிருக்கிறார். மாட்டிக்கொண்டார் என்று மனசு துள்ளியது. திரும்பிப் பார்த்தால் சந்து முழுக்கப் பூட்டு. துள்ளல் அப்படியே அடங்கிப்போனது.

"யாரும் போகாதீங்க, மூணு மணிக்குத்தான் வருவாங்க!" என்று கத்தினேன்.

"நீங்க ஒண்ணு போடுதிய, அவுக ஒண்ணு போடுதாவ, யாரத்தான் நம்ப?" என்று ஒருவர் நடையைக் கட்டினார்.

நியாயம்தானே? எழுதியவரே வந்து சொன்னால்தான் நடக்கும். சைக்கிளை மிதித்தேன் பாருங்கள், வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. சபேசன் காப்பி ஹோட்டலில் தோசைக்கு முன்னால் இருந்தார்.

"தண்ணி வந்ததும்னா காலம்பறதானே ஓய்? எங்காத்துல அப்பதானே வரும்!"

"அங்க மூணு மணிக்கு. ஜனங்க வீட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. எண் போச்சுன்னா அவங்க இடம் போச்சு. நீரே வந்து சொல்லும்."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தோசையை அப்படியே விட்டுவிட்டு வந்து கேரியரில் ஏறிக்கொண்டார்.

கிடங்கு கிடங்காகப் போனோம். முதல் வாசலில் நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்தவர், பேச வேண்டுமே என்று எடுத்துவிட்டார்.

"நான்தான் சபேசன்! பேப்பர்ல காலம்பறன்னு எழுதினது நான்தான். தப்பு! எண் போட மூணு மணிக்குத்தான் வரா. எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ!"

அவர் பேச்சைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு, விஷயம் புரிந்ததும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். மூன்று மணிக்குக் குழாய் திறந்தது. சொன்னபடி ஆபீசர் வந்தார், பின்னாலேயே பெயின்ட் டப்பாவோடு பியூன். ஒரு கதவிலும் பூட்டு இல்லை. மரியபுஷ்பம் அக்கா ஈரம் காயாத எண்ணைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய பெயின்ட்டை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் செய்தியில் யாரும் கைவைக்க முடியாது என்று ஆபீசுக்குப் பறந்தேன். சபேசன் சந்திலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் மாலை எங்கள் ஆசிரியர் கூப்பிட்டார். மேஜையில் போட்டிப் பத்திரிகை.

"சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசைக்கே எண் போடாம விட்டுட்டாங்களாமே? இவன் எழுதியிருக்கான். உம்மகிட்ட ஏன் இல்ல? சரி, எடுத்து நாலு வார்த்தை மாத்திப் போட்டுடும்."

காது சுட்டது. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. சைக்கிளை எடுத்தேன். சாக்கடை ஓரத்தில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சபேசன் கதவு கதவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், காப்பியடிக்க வந்தீரா?"

"சரிபார்க்க வந்தேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இரண்டு பேப்பரும் விடாமல் எழுதி, அந்த வரிசைக்கும் எண் வந்தது. இப்போது நிருபர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்தவன் செய்தி கையில் இருந்தாலும் அந்த இடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதுங்கள். போனவனுக்கு அங்கே சொந்தமாக ஒரு செய்தி கிடைக்காமல் போகாது.