காவின் எழுத மறந்த மொனிட்டர்

சாய்ந்தமருது அபுல் ஹஸன் முப்பது வருடம் கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவர். பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்தபின் அவருக்கு ஒரே கவலை: தன் கையால் சோறு தின்ன வேண்டும். மனைவி நபீஸா ஊட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

கைப் பயிற்சிக்கு, ஓய்வுபெற்ற தாதியான என்னைக் கூப்பிட்டார்கள். நான் கொடுத்த இறப்பர் பந்தை முதல் நாளே முற்றத்துக்கு எறிந்தார், இடது கையால்.

"நான் என்ன சின்னப் புள்ளையா, ராத்தா?"

மருமகன் நஸீமின் கம்பியூட்டரில் லொறி ஓட்டும் விளையாட்டு இருந்தது. மேசையில் பூட்டிய ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து அரை மணி நேரம் ஓட்டினார். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நான்காம் நாள் கையை எடுத்துவிட்டார்.

"வளைவுல திருப்பினா றோட்டு நடுவால கிழியுது. தல சுத்துது. கிழிஞ்ச றோட்டுல லொறி விட எனக்கென்ன பைத்தியமா?"

பார்த்தேன். கிழியத்தான் செய்தது.

நஸீம் கட்டாரிலிருந்து வந்த கூட்டாளி மூலம் உயர்ந்த ரக மொனிட்டர் ஒன்றை எடுப்பித்தார். கிழிசலை நிறுத்தும் வசதி அதில் உண்டாம். அதிலும் கிழிந்தது. கம்பியூட்டர் கடை ஜுனைட் வந்து பார்த்துச் சிரித்தான்.

"நஸீம் காக்கா, உள்ளுக்க இருக்கிற கிராபிக்ஸ் காட் படத்த ஒருக்கா வேகமா அனுப்பும், ஒருக்கா மெதுவா அனுப்பும். அது வரும்வரைக்கும் மொனிட்டர் காத்திருந்தா கிழியாது. இது காத்திருக்கும், ஆனா தங்கட கம்பனிக் காட்டுக்கு மட்டும்தான். உங்கட காட் வேற கம்பனி."

"அப்ப சொந்தக் குடிக்குள்ளதான் கலியாணம் முடிக்குமா?" என்று கேட்டார் அபுல் ஹஸன்.

"ஓம்."

அவர் எழுந்தே விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரே தாய்வழிக் குடிக்குள் பெண் எடுப்பது, கூடப் பிறந்தவளை முடிப்பது மாதிரி.

"சீ! இத வீட்ட விட்டு எடுங்க!"

"மாமா, அது விலை கூடின சாமான்."

"விலை கூடினா முறை மாறுமா, மருமகன்?"

ஜுனைட் வேறொன்று கொண்டுவந்தான். இதன் முறை பொதுவானது, எந்தக் கம்பனியும் தன் காட்டில் சேர்க்கலாம். நஸீமின் காட்டிலும் இருந்தது. பூட்டினான். றோட்டு முன்போலவே கிழிந்தது.

லேபல் வாசிக்காமல் நான் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொனிட்டரின் பொத்தானை அமத்தி, வந்த பட்டியலை வாசித்தேன். அந்த வசதி 'ஓஃப்' என்று கிடந்தது.

"மாப்பிள்ளையக் கொண்டுவந்து இருத்திட்டு, காவின் எழுத மறந்துட்டியேடா ஜுனைட்!" என்றார் அபுல் ஹஸன்.

காவின் என்றால் கலியாணப் பதிவு. ஜுனைட் மொனிட்டரிலும் கம்பியூட்டரிலும், இரு பக்கமும் சம்மதம் வாங்கினான். றோட்டு ஒட்டிக்கொண்டது.

மூன்று மாதம், காலையிலும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகும் ஓட்டினார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வலது கையைச் சோற்றில் வைத்தார். பிடியைத் தூக்கினார். கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்று நடுங்கியது. வாய் எப்போதோ திறந்துவிட்டது. உதவப்போன நபீஸாவை நான் பிடித்து நிறுத்தினேன்.

"வாயத் தொறந்துட்டு என்னத்துக்கு இரிக்கிறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"காட் மெதுவா வருகுது, புள்ள. மொனிட்டர் காத்திருக்கு."

பாதிச் சோறு மடியில், சாரத்தில் கொட்டியது. பாதி வாய்க்குள் போனது. கண் திறந்தே இருந்தது.